நோஞ்சான் என்று அளக்கப்பட்ட என் தங்கை

என் தங்கை கொழுகொழுவென்று இருப்பாள். அம்மா உயிரோடு இருந்தவரை எங்கள் வீட்டில் யாரும் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை, எழுதினதும் இல்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனிமேல் யார் கண் பட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது? அதனால் தாராளமாகவே எழுதுகிறேன். அவளுக்குக் கன்னம் இரண்டும் உப்பிக் கண் சிறுத்துத் தெரியும். முழங்கை முட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி இருக்கும். நடந்தால் தொடையோடு தொடை உரசும். அவளுக்கு ஏழு வயது, எனக்குப் பத்து. ஆனாலும் என்னைவிட அவள்தான் கனம்.

நாங்கள் கண்டோன்மென்ட் பக்கம் மர்பி டவுனில், வரிசையாகக் கட்டின லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குப் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. அம்மா ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு சட்டைக்காரத் துரைசாணி வீட்டில் ஆயா. ஆங்கிலோ இந்தியர்களை நாங்கள் சட்டைக்காரர்கள் என்போம். அங்கே குழந்தைக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு, பேபி ஃபஸ்ட் கிளாஸ், பேபி டூ பிளேட் காலி என்று வாய் நிறையச் சொல்வாள். திருஷ்டிக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்தாளோ, பிறத்தியார் பிள்ளைதானே என்று நினைத்தாளோ, தெரியாது. வீட்டுக்கு வந்தால் அந்த வாய்க்குப் பூட்டு விழும். தங்கைக்குக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சோறு போடுவாள். புதுக் கவுனுக்கு மேலே என்னுடைய பழைய கிழிசலை மாட்டித்தான் பள்ளிக்கூடம் அனுப்புவாள். அவளைக் கூப்பிடுவதே நோஞ்சான் என்றுதான். ஏ நோஞ்சான் என்று அம்மா கத்தினால் குழாயடி வரைக்கும் கேட்கும். அந்தப் பெயருக்கு ஓடிவருகிற உருவத்தைப் பார்த்துப் புதிதாகக் குடிவந்தவர்கள் சிரிப்பார்கள். பழைய ஆட்கள் சிரிக்க மாட்டார்கள்.

எங்கள் லைனில் இதற்கென்று ஒரு மரியாதை இருந்தது. பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஒருத்தி கேட்டால், என்னத்தைச் சொல்ல, சோறே இறங்கவில்லை, துரும்பாகிவிட்டது என்று பெற்றவள் அலுத்துக்கொள்ள வேண்டும். கேட்டவளும் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆமாம், இளைத்துத்தான் போய்விட்டது என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்ள வேண்டும். அப்படிச் சொல்பவள் நல்ல மனசுக்காரி. இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறது என்று எவளாவது சொல்லிவிட்டால் தீர்ந்தது. அன்றைக்கே உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார்கள், அவளோடு பேச்சு வார்த்தையும் நின்றுபோகும். இரண்டு பேருக்கும் பொய் என்று தெரிந்த பொய்தான். ஆனாலும் அதைச் சொல்லிக்கொள்ளாதவள் மனுஷியே இல்லை.

நிஜமாகவே வயிறு ஒட்டிக் கிடந்த பிள்ளைகளுக்கு இந்த உபசாரம் கிடையாது. என்னைப் போன்ற எலும்புக்கூட்டின் மேல் எவள் கண் வைக்கப் போகிறாள்? என் விஷயத்தில் அம்மாவுக்குத் திருஷ்டி பயம் இல்லை, வெட்கம்தான் இருந்தது. நான் ஒல்லியாக இருப்பது அவள் சரியாகச் சோறு போடாததன் சாட்சி மாதிரி. அதனால் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், இவளுக்கென்ன, இரும்பைத் தின்றாலும் செரிக்கும் என்று முந்திக்கொள்வாள்.

ஐம்பத்தேழில் ஃப்ளூ வந்தது. உலகம் பூராவும் வந்ததாம். மெட்ராஸில் கப்பலை விட்டு இறங்கி, ரயிலேறி எங்களிடம் வந்ததாக அப்பா சொன்னார். பள்ளிக்கூடம் திறந்த புதிது, மழையும் பிடித்துக்கொண்டிருந்தது. முதலில் டீச்சர்கள் படுத்தார்கள், எங்களுக்கு ஒரே குஷி. பிறகு பிள்ளைகள் வரிசையாகப் படுக்க ஆரம்பித்தார்கள். இழுத்து மூடிவிடலாம் என்றால் ஆணும் பெண்ணும் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளை யார் பார்ப்பது? அதனால் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் திறந்தே கிடந்தது. வகுப்பில் பாதிப் பேர் இருமினோம், மீதிப் பேர் இருமுவது போல நடித்தோம்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா வந்தார். மல்லேஸ்வரத்துத் தமிழ்க் குடும்பம். அவருடைய வீட்டார் தலைமுறை தலைமுறையாக மைசூர் சர்க்காரில் பெரிய உத்தியோகம் பார்த்தவர்கள். அந்தப் பக்கத்து மாதர் சங்கம் ஒன்று, இந்தக் கொள்ளைக் காய்ச்சல் காலத்தில் கண்டோன்மென்ட் ஏழைப் பிள்ளைகள் எவ்வளவு நலமாக இருக்கிறார்கள் என்று அளந்து பார்க்க ஆசைப்பட்டு அவரை அனுப்பியிருந்தது. அளந்து பார்க்க என்றுதான் பெரிய டீச்சர் பிரேயரில் சொன்னார். துணியை அளப்பார்கள், மண்ணெண்ணெயை அளப்பார்கள். நன்றாக இருப்பதை எதை வைத்து அளப்பார்கள் என்று எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. டாக்டரம்மா மெல்லிய குரலில் பேசுவார், யாரையும் அதட்ட மாட்டார். பெற்றவளை அவள் என்றும் இந்த அம்மாளை அவர் என்றும் எழுத என் கை பழகியிருக்கிறது, என்ன செய்ய.

கார் டிக்கியிலிருந்து ஆள் உயர எடை மெஷினை இரண்டு பேர் இறக்கினார்கள். உயரம், எடை, மேல் கையின் சுற்றளவு, நாக்கு, கீழ் இமை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஆனால் டாக்டரம்மாவுக்கு மெஷின் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. எடை இன்றைக்கு ஏறும், நாளைக்கு இறங்கும். பிள்ளை சாப்பிடுகிறதா, தூங்குகிறதா, ஓடி விளையாடுகிறதா என்பதைப் பெற்றவளைக் கேட்டால்தான் தெரியும் என்று பெரிய டீச்சரிடம் விளக்கினார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை அம்மாக்களை எல்லாம் வரச் சொன்னார்கள். அம்மா துரைசாணியிடம் கெஞ்சி அரை நாள் லீவு வாங்கிக்கொண்டு, துவைத்த புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

வந்த அம்மாக்களில் எவள் உள்ளதைச் சொன்னாள்? காய்ச்சலோடு பிள்ளையை இழுத்து வந்தவள், தொற்று நோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில், இதுக்குத் தலைவலிகூட வந்ததில்லை என்று சத்தியம் செய்தாள். கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டிருந்த பையனின் அம்மா, இது தேறுமா என்றே தெரியவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டரம்மா இரண்டையும் ஒரே பொறுமையோடு கேட்டுக்கொண்டார்.

என்னை முதலில் நிறுத்தினார்கள். என் விலா எலும்பைச் சட்டைக்கு மேலேயே தடவிப் பார்த்திருக்கலாம். அம்மா தலையை நிமிர்த்திக்கொண்டு, எதைப் போட்டாலும் சாப்பிடுவாள், படுத்தால் காலையில்தான் எழுந்திருப்பாள், ஒரு குறையும் இல்லை என்றாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒல்லி வாகு, ஆனால் நல்ல திடம் என்று டாக்டரம்மா பக்கத்தில் இருந்த டீச்சரிடம் சொன்னார். எனக்குக் காலையில் இருந்து தலை சுற்றிக்கொண்டிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

அடுத்தது தங்கை. அவள் ஏறினதும் மெஷின் தடாலென்று ஒரு சத்தம் போட்டது. டீச்சர் சிரித்துவிட்டார். அம்மாவுக்கு உயிரே போய்விட்டது, பதறிக்கொண்டு முந்தினாள்.

"அது சும்மா ஊதிக்கினு கீதுங்கம்மா. ஒண்ணும் துன்றதில்ல. ஒரு வாய் வச்சா அத்தோட சரி. காத்தக் குடிச்சிக்கினு உசிரோட கீது."

டாக்டரம்மா தங்கையின் கன்னத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அழுத்தின இடத்தில் சதை உள்ளே போய் உடனே வெளியே வந்தது. குழியும் விழவில்லை, ஒன்றும் விழவில்லை. அவர் கண்ணால் அதைப் பார்க்கவில்லை, காதில் விழுந்ததைத்தான் பார்த்தார். இது சதை இல்லை, நீர். சத்தில்லாத பிள்ளைகளுக்கு உடம்பு இப்படித்தான் ஊதும், பார்க்கிறவர்கள் புஷ்டி என்று ஏமாந்துபோவார்கள் என்று டீச்சருக்குப் பாடமே எடுத்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி இரக்கத்தோடு சொன்னார்.

"ஆமாம்மா, நீ சொல்றது சரிதான். இளைச்சுதான் இருக்கா."

அன்றைக்கு அம்மா இருந்த சந்தோஷத்தில் நான் அவளை அதிகம் பார்த்ததில்லை. அல்சூர் ஏரிக்கரை வரைக்கும் எங்களை நடத்திக் கூட்டிப்போய் வேகவைத்த கடலை வாங்கிக் கொடுத்தாள். கார் வைத்திருக்கிறவர், இங்கிலீஷ் படித்தவர், எங்கள் லைனில் இருக்கிற நல்ல மனசுக்காரியைப் போலவே பதில் சொல்லிவிட்டார். கண் போடாமல், வயிறு எரியாமல், இளைத்துத்தான் இருக்கிறாள் என்று மரியாதையாகச் சொன்னாரே, படித்தவர்கள் படித்தவர்கள்தான் என்று அப்பாவிடம் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் மரியாதைக்குச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார் என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. எப்படி நினைப்பாள்? மெஷின் மேல் நின்றது யார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரிதான் இருந்தது.

திங்கட்கிழமைதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதைக் கூட்டிப் பெருக்கிப் பாய் விரித்து ரெஸ்ட் கிளாஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். பலவீனமான பிள்ளைகளுக்கு ஃப்ளூ சுலபமாகத் தொற்றும், அதனால் அவர்களைத் தனியாக வைத்துத் தேற்ற வேண்டும் என்பது டாக்டரம்மாவின் திட்டம். ஓடக்கூடாது, பாடக்கூடாது, சாயங்காலம் வரை படுத்திருக்க வேண்டும். டின்னில் வந்த பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்து, ஒரு ஸ்பூன் மீன் எண்ணெயும் ஊற்றினார்கள். பலவீனமானவர்கள் என்று பொறுக்கப்பட்டிருந்த பிள்ளைகளை நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூடத்திலேயே புஷ்டியான பிள்ளைகள் எல்லாம் அந்தப் பாய்களில் வரிசையாகக் கிடந்தார்கள். வெளியே நாங்கள் நோஞ்சான்கள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தோம். எங்கள் நடுவில் சத்தியம் செய்யப்பட்ட காய்ச்சல்காரர்களும் இருந்தார்கள்.

டாக்டரம்மா வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் வகுப்பில் யாருக்காவது மேல் சுட்டால், அதன் அம்மா வேலையிலிருந்து வருகிற வரைக்கும் படுக்க வைக்க ஓர் இடம் வேண்டுமே? பாய் விரித்த இடம் ஒன்றுதான் இருந்தது. ஆக, காய்ச்சலிலிருந்து காப்பாற்றுவதற்கென்று பொறுக்கின பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே காய்ச்சல்காரப் பிள்ளைகளையும் படுக்க வைத்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் சொன்னதைச் செய்தார்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் ஆசை தீரத் திட்டியாவது ஆறியிருப்பேன்.

மத்தியானம் எங்களுக்கு உப்பிட்டு போடுவார்கள், நம் உப்புமாதான். கன்னடக்கார ஆயாம்மா கிளறுகிற உப்பிட்டு, உருண்டை உருண்டையாக விழும். பலவீனமான வயிற்றுக்கு அது ஆகாது என்று ரெஸ்ட் கிளாஸுக்குப் பார்லி கஞ்சிதான். அதுவும் கண்ணாடி மாதிரி இருக்கும். என் தங்கை பிறந்ததிலிருந்து பசி என்றால் என்னவென்று அறியாதவள். அந்தக் கொட்டகையில்தான் முதல்முதலாகத் தெரிந்துகொண்டாள். தகர இடுக்கில் வாயை வைத்துக்கொண்டு, அக்கா, உப்பிட்டு என்பாள். நான் என் பங்கில் பிய்த்து இடுக்கில் நீட்டினேன். ஆயாம்மா பார்த்துவிட்டுக் கரண்டிக் காம்பால் என் விரலில் ஒன்று போட்டாள். அந்தக் குழந்தையைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கன்னடத்தில் கத்தினாள்.

அடுத்த முறை எடை பார்த்தபோது தங்கை இறங்கியிருந்தாள். டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. நீர் வடிகிறது, நல்ல அறிகுறி என்றார். பெரிய டீச்சரையும் கூப்பிட்டு, கன்னம் வற்றியிருப்பதைக் காட்டினார். பட்டினியில் ஒரு பிள்ளை இளைப்பதைத் தேறுகிறது என்று கொண்டாடினதை நான் அந்த ஒரு இடத்தில்தான் பார்த்தேன்.

பாவாடை நாடா தளர்ந்துபோனதை அம்மாதான் முதலில் கவனித்தாள். முடிச்சுப் போட்ட இடத்தில் நிற்காமல் பாவாடை நழுவியது. என்ன என்று என்னைக் கேட்டாள், நான் கொட்டகை, கஞ்சி, இருமுகிற பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பால் கொடுக்கிறார்கள் என்றுதான் அதுவரை அவளுக்குத் தெரியும். அவளும் அதையே பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சத்துக் குறைவு என்று நிஜமாகவே நம்பிவிட்டார்களா என்று இரண்டு முறை கேட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுபோனது.

டாக்டரம்மா வருகிற நாளில், துரைசாணி வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அம்மா பள்ளிக்கூடம் வந்தாள். வராந்தாவில் வேறு அம்மாக்களும் காத்திருந்தார்கள். என் பிள்ளை நன்றாக இருக்கிறாள், அவளை வகுப்புக்கே அனுப்புங்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அது அவள் வாயில் வரவில்லை. தனியாகப் பேச வேண்டும் என்றாள். எதுவானாலும் இங்கேயே சொல்லலாமே என்றார் டாக்டரம்மா. அம்மா முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி, அவளுக்கு ஒன்றுமில்லை என்று முனகினாள். ஒன்றுமில்லை என்றால் எனக்கு எப்படிப் புரியும் என்று அவர் கேட்டார். அம்மா சுற்றி நின்றவர்களை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"எம் பொண்ணு நல்லா கீதுங்கம்மா. ரெண்டாள் சோறு துன்னும். பொறந்ததுலருந்து ஒரு சீக்கு கெடையாது. அது ஒடம்புல கீறது நீரு இல்லீங்க, நான் போட்ட சோறு."

எங்கள் லைன்காரி ஒருத்தி, திருஷ்டி கழியட்டும் என்று அம்மாவுக்காகத் தரையில் மூன்று முறை துப்பினாள். டாக்டரம்மா மட்டும் சிரித்தார். போன தடவை ஒன்று சொன்னாய், இப்போது ஒன்று சொல்கிறாய், தண்ணீர் பிடிக்கவும் பாத்திரம் தேய்க்கவும் வீட்டில் ஆள் வேண்டும், அதுதானே என்றார். குரலை உயர்த்தவில்லை. அடுத்த எடை பார்க்கிற நாள் வரை பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

அம்மா பொறுக்கவில்லை. நேரே கொட்டகைக்குள் போனாள், தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், யாரையும் கேட்காமல் நடந்தாள். நான் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். பாதி வழியில் அம்மா நின்றுவிட்டாள். தங்கையின் நெற்றியில் தன் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். நெற்றி சுட்டது.

காய்ச்சல் அதற்கு முன்பே வந்திருக்கும். கொட்டகையில் அவளுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி இருமிக்கொண்டு கிடந்தார்கள். அப்பா அதைத்தான் சொன்னார், கடைசி வரை சொன்னார். அம்மா காதில் ஏறவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஏழு வருஷம் வாயைக் கட்டி வைத்திருந்தாள், பிள்ளை நன்றாக இருந்தது. நாலு பேருக்கு முன்னால் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தாள், வீடு போய்ச் சேருவதற்குள் மேல் சுட்டது.

சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, வராந்தாவில் பாய் போட்டுக் கொடுத்தார்கள். மறுபடியும் பாய். தங்கை சோறு கேட்டாள். குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு வேண்டும் என்று தெளிவாகக் கேட்டாள். அம்மா வீட்டுக்கு ஓடி வடித்துப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்தாள். கஞ்சியைத் தவிர எதுவும் கூடாது என்று நர்ஸ் தூக்குவாளியை வாங்கி ஜன்னல் மேல் வைத்துவிட்டார். மறுநாள் மத்தியானம் என் தங்கை செத்துப்போனாள். சோறு ஜன்னல் மேலேயே ஊசிப்போயிருந்தது.

"சொல்லக் கூடாதத சொன்னேன்டி," என்று அம்மா என்னிடம்தான் சொன்னாள். "எவ கண்ணும் இல்ல, எங் கண்ணே பட்டுடிச்சி."

ஃப்ளூ அடங்கின பிறகு பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். மாதர் சங்கத்துப் பெண்கள் எல்லாம் வந்திருந்தார்கள். டாக்டரம்மா எழுந்து பேசினார். பலவீனமானவர்கள் என்று அம்மாக்கள் சொன்ன பிள்ளைகளைத்தான் நோய் அதிகமாகத் தாக்கியிருக்கிறது, ஆகவே மெஷினைவிடத் தாயின் சொல்லே சரியான அளவு என்று தெரிகிறது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். என்னையும் முன் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள், திடமான பிள்ளைகளில் ஒருத்தியாக. மேடையில் ஏறி அந்த அம்மாளின் கையைக் கடிக்க வேண்டும் போல இருந்தது.

ஃப்ளூவில் சாவு விழுந்த வீட்டு ஆள் தன் குழந்தையைத் தொடக் கூடாது என்று துரைசாணி அம்மாவை நிறுத்திவிட்டாள். அதன் பிறகு அம்மாவுக்கு எங்கேயும் சரியான வேலை அமையவில்லை. அப்பாவின் சம்பளம் சோற்றுக்கே இழுத்தது. அடுத்த வருஷம் பெரிய டீச்சர் சொல்லியனுப்பினார். டாக்டரம்மா வீட்டில் பையனைப் பார்த்துக்கொள்ள ஆயா வேண்டுமாம், குழந்தையைப் பறிகொடுத்தவளாயிற்றே என்று அவரே அம்மாவைப் பற்றி விசாரித்தாராம். உங்களுக்கு மனசு வந்தால் போங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். மனசு வருகிற நிலையில் நாங்கள் இல்லை. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் மாறி மல்லேஸ்வரம் போனாள்.

அவர் வீட்டு ஹாலில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான், மூன்று வயது இருக்கும். வெள்ளிக் கிண்ணத்தில் பருப்பும் நெய்யும் போட்டுப் பிசைந்த சாதம். தானே அள்ளி அள்ளி வாயில் அடைத்துக்கொண்டிருந்தான். மோவாயில் நெய் வழிந்தது. கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு வைத்திருந்தார்கள், உள்ளங்காலிலும் ஒன்று. முழங்கையில் அதே குழி. டாக்டரம்மா எங்களை அன்பாகத்தான் வரவேற்றார், தங்கைக்காக வருத்தப்பட்டார். அம்மா தலையை ஆட்டினாள். வேலை நேரம், சாப்பாடு எல்லாம் பேசி முடிந்தது. நாளைக்கே வந்துவிடு என்றார். பிறகு பையனைக் காட்டிச் சலித்துக்கொண்டார்.

"இவனைச் சாப்பிட வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது. ஒண்ணுமே இறங்க மாட்டேங்குது. பாரு, எப்படி இளைச்சுக் கிடக்கான்."

எனக்கு முதலில் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. பிறகு புரிந்தது. இந்த அம்மாளுக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். இவர் வீட்டிலும் இவர் தெருவிலும் இதைத்தான் சொல்வார்கள். கொழுத்த பிள்ளையைப் பெற்றவள் இளைத்துப்போனான் என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று இவருக்கு எந்தக் காலேஜும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். மர்பி டவுனில் ஓர் ஆயா சொன்னபோது மட்டும் அது அப்படியே நிஜமாகிவிட்டது. கண் படும்படி எங்களிடம் ஏதாவது இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கு இதை எழுதும்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அம்மாவுக்கும் புரிந்தது என்பதை அவள் நின்ற விதத்திலேயே தெரிந்துகொண்டேன். ஆமாங்க, இளைத்துத்தான் இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வேலை அவளுக்கு. அவள் சொல்லவில்லை. பையனுக்கு எதிரில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவன் காலைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, தலையிலிருந்து கால் வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். டாக்டரம்மா பள்ளிக்கூடத்தில் எங்களை அப்படிப் பார்த்ததே இல்லை.

"இல்லீங்கம்மா. தம்பி நல்லா கீறாரு. கன்னம் பாருங்க, ரெண்டு கையாலயும் புடிக்கணும். தொடைய பாருங்க, மடிப்பு மடிப்பா. எவ்ளோ அழகா துன்றாரு. இந்த மாதிரி புள்ளய இந்த ஊர்லயே நான் பாத்ததில்ல."

ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். வேண்டுமென்றே சொன்னாள். தன் வாய்க்கு என்ன சக்தி உண்டென்று அவள் நம்பினாளோ, அதை முழுசாக அந்தப் பிள்ளையின் மேல் இறக்கினாள். அவன் நெய் வாயோடு அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். டாக்டரம்மா பாய்ந்து வந்து அவனைத் தூக்கினார். கிண்ணம் உருண்டது. பிள்ளையின் முகத்தைத் தோளில் அழுத்தி, முந்தானையால் தலையோடு மூடினார். வாயை மூடு, வெளியே போ என்று கத்தினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நல்லா கீறாருன்னுதானேம்மா சொன்னேன்," என்றாள் அம்மா.

நாங்கள் வெளியே வந்து கேட்டைச் சாத்துவதற்குள் உள்ளே மிளகாய் கமறும் நெடி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அம்மா அந்த வீட்டைப் பற்றிப் பேசினதில்லை. சில வருஷங்கள் கழித்து, நான் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போது, அல்சூர் மார்க்கெட்டில் பெரிய டீச்சரைப் பார்த்தோம். டாக்டரம்மாவின் பையன் எப்படி இருக்கிறான் என்று அம்மா தானாகவே கேட்டாள், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கியிருக்கிறானாம், இன்றுவரை ஒரு ஜுரம் கிடையாதாம். அம்மா சரி என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நீ அப்படிச் சொல்லியும் அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்படியானால் தங்கச்சிக்கும் உன் வாயால் ஒன்றும் ஆகவில்லை, அந்தக் கொட்டகையால்தான் ஆனது, இனிமேலாவது விடு என்றேன். அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். கல்லைப் பொறுக்கிப் போட்டாள்.

"பெரிய வூட்டுப் புள்ளைங்க மேல நம்ம கண்ணு கூட படாதுடி," என்றாள். "நம்ம புள்ளைங்க மேல மட்டுந்தான் படும்."

சொல்லிவிட்டு எழுந்து உலையில் அரிசியைப் போட்டாள்.